பாதிரியார் கூவவில்லை

செத்துப்போன வான்கோழியைக் கூப்பிட ராய்ஸ் அன்றைக்கும் விடிவதற்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டான். அது செத்துப்போனது அவனுக்குத் தெரியாது. பக்கத்து ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்திருந்த டெல்மருக்குத் தெரியும். சுட்டவனே அவன்தான்.

ராய்ஸ், டெல்மரின் மனைவி நோரீனுக்கு அண்ணன். மாட்டுத்தீவனக் கடையில் மூட்டை ஏற்றுகிறவன், முழங்கால் ஒன்று சரியில்லாதவன். போன இலையுதிர் காலத்தில் மனைவி ஓப்பலைப் புதைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன், வேலைக்குப் போகும் நேரம் தவிர, மார்ச் மாதம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. நோரீன் கொண்டுபோய் வைத்த சாப்பாடு வைத்தபடியே இருக்கும். அப்படிப்பட்ட மனிதனை எழுப்பி நடமாட வைத்தது பாஸ்டரும் இல்லை, டாக்டரும் இல்லை. ஹாகட் பண்ணைக் காட்டில் ஒரு கிழட்டு வான்கோழிச் சேவல் தொண்டையைத் திறந்து கூவியது, அவ்வளவுதான்.

ராய்ஸ் கைகளைக் குவித்து ஆந்தை போலக் கத்தினான். மரத்தில் அடைந்திருக்கும் சேவலுக்கு ஆந்தைச் சத்தம் ஆகாது, ரோஷம் பொத்துக்கொண்டு வந்து பதில் கூவிவிடும். எங்கோ மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்று கூவியது.

"அது பொடியன்," என்றான் ராய்ஸ். "மீசை முளைக்காதவன். நம்ம ஆளு கோவத்துல இருக்கான் மாப்ள."

"என்ன கோவம்?"

"நேத்து நான் கூப்பிட்டதுல கடைசிக் குரல் கொஞ்சம் இழுத்துடுச்சு. அவனுக்கு அதெல்லாம் பிடிக்காது. நறுக்குன்னு இருக்கணும்."

"நாளைக்குக் கூவுவான் மச்சான்," என்றான் டெல்மர்.

இதைச் சொல்லும்போது அவன் நாக்கு ஏன் அழுகிப் போகவில்லை என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. 'நம்ம ஆளு' அவன் வீட்டு கராஜில், உறைபெட்டியின் அடியில், மான் சாசேஜ் பொட்டலங்களுக்குக் கீழே செய்தித்தாள் சுற்றிக் கிடந்தது.

அந்தச் சேவலுக்குப் பாதிரியார் என்று பெயர் வைத்தவன் ராய்ஸ்தான். அது கூவி முடிக்கும்போது கடைசியில் ஒரு இருமல் இருமும். அவர்கள் தேவாலயத்துப் பழைய பாதிரியார் பிரசங்கம் முடித்துவிட்டு அதே மாதிரிதான் இருமுவார். சேற்றில் காலடி விழுந்தால் இடது காலில் நடுவிரல் இருக்காது, எந்த நரியோ கொண்டுபோன விரல். நாலு வசந்தமாக ராய்ஸ் அதன் பின்னால் அலைந்தான். எந்த மரத்தில் அடையும், எந்தப் பக்கம் இறங்கும், எந்த ஓடையைத் தாண்டாது என்று ஓப்பலின் பிறந்தநாளைவிட நன்றாக அவனுக்குத் தெரியும். ஓப்பலே அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

தெரிந்ததையெல்லாம் அவன் டெல்மரிடம் சொன்னான். அங்கேதான் வந்தது வினை.

"இவன காலைல கூப்பிட்டுப் பிரயோஜனமே இல்ல மாப்ள," என்று வேட்டைக் காலம் தொடங்குவதற்கு முந்தின வாரம் சமையலறையில் உட்கார்ந்து, நோரீன் சுட்ட ரொட்டி பிஸ்கட்டை இறைச்சிக் குழம்பில் தோய்த்தபடி சொன்னான். எத்தனையோ மாதம் கழித்து அவன் இரண்டாவது தட்டு கேட்ட நாள் அது. நோரீன் அடுப்புப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "விடியும்போது அவனச் சுத்தி நாலு பொட்டைங்க இருக்கும். இருக்கறவள விட்டுட்டு எவன் குரல் மட்டும் கேக்கறவளத் தேடி வருவான்? ஒம்பது மணிக்கு மேல பொட்டையெல்லாம் முட்டையில உக்காரப் போயிடும். அப்போ தனியா, மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு, வெட்டுன மரத்த ஏத்திட்டுப் போன பழைய மரவண்டிப் பாதையில வருவான். மேட்டுல உக்காரணும். பள்ளத்துல உக்காந்து கூப்பிட்டா இறங்கவே மாட்டான், திமிரு. பொட்டை குரல்ல மூணே மூணு தடவ கூப்பிடு. அப்புறம் வாய மூடு."

"எவ்ளோ நேரம்?"

"அதான் விஷயமே. தாங்க முடியாது. இன்னொரு தடவ கூப்பிடலாமான்னு கை பரபரக்கும். அப்பவும் மூடிக்கிட்டுத்தான் இருக்கணும்."

அந்த மலைப்பக்கம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சாயங்காலம் ஒரு சேவல் எந்த மரத்தில் அடைகிறது என்று யார் பார்த்து வைக்கிறானோ, அடுத்த நாள் காலை அது அவனுடையது. குடிகாரன்கூட இதை மீறமாட்டான். மூன்றாம் நாள் சாயங்காலம் ராய்ஸ், பாதிரியார் ஓடையோரச் சிக்கமோர் மரத்தில் ஏறியதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். "நாளைக்கு நான் சிக்கமோர் பக்கம். எட்டு மணிக்கு எனக்குக் கடைக்கு லாரி வந்துடும், அதுக்குள்ள பாக்கறேன். நீ தெக்க போ."

டெல்மர் தெற்கேதான் போனான். அதில் பொய்யில்லை. எட்டு மணிக்கு ராய்ஸின் வண்டி பண்ணையை விட்டுப் போகிற சத்தமும் கேட்டது. ஒன்பதரைக்குக் காளான் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டே மரவண்டிப் பாதையின் மேட்டுக்கு வந்தான். காளானாம்! அவனே பிறகு அந்தக் காளானை நினைத்துத் தன்னைத்தானே காறித் துப்பிக்கொண்டான். கீழே கூவல் கேட்டது, கடைசியில் இருமல். டெல்மர் உட்கார்ந்தான். மூன்று தடவை கூப்பிட்டான். வாயை மூடினான். கை பரபரத்தது. இருபத்தைந்து நிமிஷம் கழித்து, சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக அந்தத் தலை பாதையில் எழுந்து வந்தது, ராய்ஸ் சொன்னபடி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

அந்த நேரத்தில் அவன் ராய்ஸை நினைக்கவேயில்லை. அதுதான் உண்மை. நினைத்திருந்தால் சுட்டிருக்கமாட்டானா என்பது வேறு கேள்வி.

ஓடிப்போய்ப் பறவையைப் புரட்டினான். மார்பிலிருந்து தொங்கும் தாடி ஒரு சாணுக்கு மேலேயே இருந்தது. ஒரு நிமிஷம் ராஜா மாதிரி நின்றான். பிறகு இடது காலைப் பார்த்தான். இருமலைக் கேட்டவனுக்கு இது புதுச் செய்தி ஒன்றும் இல்லை, ஆனாலும் நடுவிரல் இல்லாத அந்தக் காலைப் பார்த்தபோதுதான் ராஜா கீழே உட்கார்ந்தான். சட்டப்படி போன் செய்து, எந்த ஊர், எத்தனை மணி, தாடி எத்தனை நீளம் என்று அரசாங்கத்துக்கு ஒன்றுவிடாமல் சொன்னான். மச்சானுக்கு மட்டும் சொல்லவில்லை. சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தான். சாயங்காலம் ராய்ஸ் கடையிலிருந்து நேராக வந்து, "காலைல இருமினான் பாரு, பக்கத்துல நின்ன மாதிரி இருந்துச்சு!" என்று குழந்தை மாதிரி சிரித்தான். டெல்மரும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தான். ஒரு நாள் தள்ளிப்போட்ட உண்மைக்கு மறுநாள் எடை கூடிவிடுகிறது. பத்தாம் நாள் அதைத் தூக்க டெல்மருக்குத் தெம்பில்லை.

நோரீன் சாசேஜ் எடுக்கப் போனவள் பொட்டலத்தோடு உள்ளே வந்தாள். ஒரு ஓரம் பிரிந்து, கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"டெல்மர், இந்தக் காலுக்கு எத்தன விரலு?"

டெல்மர் செய்தித்தாளை இழுத்து அந்தக் காலை மூடப் பார்த்தான்.

"எனக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியாது. ஆனா நாலு வருஷமா இந்தக் காலப் பத்திக் கேட்டுக் கேட்டு என் காது புளிச்சிருக்கு. இது அண்ணன் சொல்ற பாதிரியாரோடதுதானே?"

"ஆமா."

"தினம் காலைல பக்கத்துல போயி உக்காந்துக்கறியே, எப்படி உன்னால முடியுது?"

"போகாம இருந்தா சந்தேகம் வரும்."

"த்தூ," என்றாள் நோரீன். "போயி சொல்லு. இன்னிக்கே."

"சொன்னா மறுபடியும் அந்த நாற்காலிதான் நோரீன். அவன் எழுந்ததே இதுக்காகத்தான். நீயே சொல்லியிருக்க."

அவள் பொட்டலத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். குளிர் உறைத்ததும் மேஜையில் வைத்தாள். "அவனுக்காகச் சொல்லாம இருக்கியா, உனக்காகச் சொல்லாம இருக்கியா? அத மட்டும் நல்லா யோசிச்சுக்க," என்றாள்.

டெல்மர் யோசித்தான். யோசித்துக் கண்டுபிடித்தது, உலகத்திலேயே மட்டமான யோசனை.

வேட்டைக் காலம் மூன்றே வாரம். கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் ராய்ஸின் காதில் ஒரே ஒரு தடவை அந்தக் கூவல் விழுந்துவிட்டால் போதும். பாதிரியார் இன்னும் இருக்கிறான், இந்த வருஷமும் என்னை ஏமாற்றிவிட்டான் என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவான். அடுத்த வசந்தம் வரைக்கும் அந்த நினைப்பு தாங்கும். உதறினால் சேவல் மாதிரிக் கூவுகிற ரப்பர் குழாய் டெல்மரிடம் இருந்தது. நாலு வருஷம் கேட்ட இருமலும் தொண்டையில் இருந்தது.

"நாளைக்கு நான் வரல மச்சான்," என்று சனிக்கிழமை சொன்னான். "எங்க அத்தை ஊர் சர்ச்சுல விருந்து. நோரீனும் நானும் போறோம். நாப்பது மைலு."

"கடைசி நாள் அன்னிக்கா? போடா பக்திமான். உன் பங்கு ஜெபத்தையும் நான் மரத்தடியில பண்ணிக்கறேன்."

காலையில் ராய்ஸ் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று, டெல்மர் சர்ச்சுக்குப் போகிறவனாகவே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான். நோரீன் அவனைப் பண்ணைக்குப் பின்பக்கம் இறக்கிவிட்டாள். அவன் கால் தரையில் பட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். அவன் இலை போட்ட வேட்டைச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு மேடேறினான். மே மாதம், புழுக்கம். மேலே போவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டான். மேல்சட்டையின் பொத்தான்களைக் கழற்றிவிட்டுக்கொண்டான்.

பதின்மூன்று வயதில் வேட்டை உரிமம் வாங்கும்போதே அந்த ஊரில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற விஷயம், வசந்தத்தில் காட்டுக்குள் சிவப்பு, வெள்ளை, நீலம் உடம்பில் தெரியக்கூடாது. அது சேவல் தலையின் நிறம். கைக்குட்டைகூடக் கூடாது. சேவல்தான் என்று காட்டும் மார்புத் தாடியைக் கண்ணால் பார்க்காமல் சுடக்கூடாது. கூவல் கேட்டால் அதை நோக்கி நடக்கக்கூடாது, உட்கார்ந்துதான் கூப்பிட வேண்டும், கூவுவது மனிதனாகவும் இருக்கலாம். டெல்மருக்கு இது தெரியும், ராய்ஸுக்கும் தெரியும். ஐம்பது வருஷம் இரண்டு பேரும் மீறியதில்லை.

ஒன்பது மணிக்குக் குழாயை உதறினான். கூவல் வந்தது, கூடவே தொண்டையால் இருமினான்.

காடு ஒரு நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. பிறகு கீழே, சேவலைக் கூப்பிட ராய்ஸ் உரசுகிற மரப்பெட்டி பேசியது. பொட்டை வான்கோழியின் குரலில் மூன்று தடவை, நறுக்கென்று, கடைசிக் குரல் இழுக்காமல். அப்புறம் சத்தமில்லை. வாயை மூடிக்கொண்டு மச்சான் எப்படி உட்கார்ந்திருப்பான் என்று டெல்மரால் பார்க்க முடிந்தது. நெஞ்சு அடித்துக்கொள்ளும், முழங்கால் வலி மறந்துபோயிருக்கும். டெல்மருக்குக் கண் கலங்கியது. சரி, போதும், பின்பக்கமாக நழுவிவிடலாம் என்றுதான் நினைத்தான். ஆனால் பறவையைச் சுட்ட நாளுக்குப் பிறகு முதல் தடவையாக மனசு லேசாக இருந்தது, அந்த ருசி விடவில்லை. இன்னொரு தடவை கூவினான். கால் மணி கழித்து மறுபடியும்.

மேட்டிலிருந்து இறங்கி வராத சேவலை இத்தனை வருஷம் உட்கார்ந்தே கூப்பிட்ட ராய்ஸ், அன்றைக்கு எழுந்துவிட்டான். கடைசி நாள். பண்ணையில் வேறு யாரும் கிடையாது, அனுமதி உள்ள இன்னொருவன் நாற்பது மைலுக்கு அப்பால் ஜெபம் செய்துகொண்டிருக்கிறான். பழுதான முழங்காலை இழுத்துக்கொண்டு அவன் புதருக்குப் புதர் தவழ்ந்து வந்தான்.

டெல்மர் கழுத்து வேர்வையைத் துடைக்கத் திரும்பினான். ஐம்பது கஜத்துக்கு அப்பால் இருந்த ராய்ஸின் கண்ணில், டாக்வுட் மரத்துப் பூக்களுக்கு நடுவே, வெயிலில் சிவந்த ஒரு கழுத்தும் அதற்குக் கீழே ஒரு வெள்ளையும் அசைந்தன.

டெல்மருக்குத் தோளில் யாரோ கட்டையால் அடித்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம்தான் வெடிச் சத்தம் கேட்டது.

"மாப்ள! மாப்ள!" ராய்ஸ் நொண்டிக்கொண்டே ஓடி வந்தான். துப்பாக்கியை எங்கே போட்டான் என்று அவனுக்கே தெரியாது. தன் சட்டையைக் கழற்றி டெல்மரின் தோளில் அழுத்தினான். "நான் தாடியப் பாக்கல. தாடியப் பாக்காம சுட்டுட்டேன். அவன் தலைன்னு நெனச்சேன். கடவுளே, நான் தாடியப் பாக்கல."

"ஒண்ணும் இல்ல மச்சான், தோளுதான்."

அப்போது ராய்ஸ் கீழே கிடந்த ரப்பர் குழாயைப் பார்த்தான். டெல்மர் கண்ணை மூடிக்கொண்டான், எல்லாம் தெரிந்துவிட்டது என்று.

"நீயா கூவுன?" என்றான் ராய்ஸ். "விருந்த விட்டுட்டு வந்தியா? போட்டிக்கு இன்னொருத்தன் கூவுனா பாதிரியார் பதில் சொல்லுவான்னு... எனக்காக அவன எழுப்பிவிட வந்தியா மாப்ள?"

டெல்மர் வாயைத் திறந்தான். தோள் எரிந்தது. "ஆமா" என்று சொல்லவில்லை. "இல்லை" என்றும் சொல்லவில்லை. அந்த மலைப்பக்கத்தில் எத்தனையோ பாவிகள் இருந்திருப்பார்கள், இப்படி வாயைப் பிளந்துகொண்டு நன்றியை வாங்கிக்கொண்டவன் எவனும் இருக்கமாட்டான்.

மருத்துவமனையில் பதினான்கு ரவைகளை எடுத்தார்கள். நரம்பில் படவில்லை, ஒரு மாதம் கையைத் துணியில் கட்டிக் கழுத்திலிருந்து தொங்கவிட்டிருந்தால் போதும் என்றார்கள். வனத்துறை அதிகாரி வந்து கேட்டபோது ராய்ஸ் ஒளிக்காமல் சொன்னான். கூவலை நோக்கி நடந்தேன், தாடியைப் பார்க்கவில்லை, தப்பு முழுக்க என்னுடையது. துப்பாக்கியைக் கொடுத்துவிட்டான். நீதிமன்றத்துக்குத் தேதி போட்டார்கள். தீவனக் கடையில் வருகிறவர்களிடமெல்லாம் அவனே சொன்னான்: "எனக்கு ஒத்தாச பண்ண வந்தவன நான் சுட்டுட்டேன்." ஊரே டெல்மரைப் பார்த்து உருகியது. தேவாலயத்துப் பெண்கள், மாவுக்குள் பழம் வைத்துச் சுட்ட ஆப்பிள் பை ஆளுக்கொன்று கொண்டுவந்து வைத்தார்கள். நோரீன் அவற்றை வரிசையாக மேஜையில் அடுக்கிவிட்டு, "சாப்பிடு," என்றாள். அவள் சொன்ன விதத்தில் டெல்மருக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

தினமும் காலை ஆறு மணிக்கு ராய்ஸ் வந்தான். டெல்மரின் கன்றுக்குட்டிகளுக்குத் தீவனம் வைத்தான், தண்ணீர் இழுத்து ஊற்றினான். பிறகு சமையலறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவான். ஒரு வாரத்தில் கன்னம் ஒட்டிவிட்டது. காபியைத் தொடமாட்டான். ஓப்பல் போன பிறகுகூட அவன் முதுகு இப்படி வளைந்ததில்லை.

"திங்கக்கிழம கோர்ட்டு," என்றான் ஒரு நாள். "குத்தத்த ஒத்துக்கப் போறேன். இனிமே காட்டுப் பக்கமே போகமாட்டேன் மாப்ள. உன் மூஞ்சியப் பாக்கவே எனக்கு வெக்கமா இருக்கு."

நோரீன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீரை நிறுத்தினாள். திரும்பவில்லை.

டெல்மர் மச்சானின் கைகளைப் பார்த்தான். தொப்பி விளிம்பைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. தன்னுடைய பாவத்தை இந்த மனிதன் சுமந்து தேய்ந்துகொண்டிருக்கிறான், தனக்கோ ஆப்பிள் பைகள் வந்து குவிகின்றன என்று நினைத்தபோது, தோளில் இருந்ததைவிடப் பெரிய வலி வந்தது.

"மச்சான், கராஜுல உறைபெட்டியில, சாசேஜுக்கு அடியில ஒரு பொட்டலம் இருக்கு. எடுத்துட்டு வா."

"என்னது?"

"எடுத்துட்டு வா."

ராய்ஸ் போனான். உறைபெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. பொட்டலங்களை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் எதுவும் கேட்கவில்லை. டெல்மரும் நோரீனும் ஒருவரையொருவர் பார்க்காமல் காத்திருந்தார்கள். திரும்பி வந்தவன் பொட்டலத்தை மேஜையில் ஆப்பிள் பைகளுக்கு நடுவே வைத்தான். செய்தித்தாள் பிரிந்திருந்தது. நடுவிரல் இருக்க வேண்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினான்.

"எப்போ?"

"நாலாம் நாள். நீ கடைக்குப் போனதுக்கு அப்புறம்."

"எத்தன தடவ கூப்பிட்ட?"

"மூணு."

"அப்புறம்?"

"வாய மூடிக்கிட்டேன்."

"மரவண்டிப் பாதையிலதான வந்தான்?"

"ஆமா. நீ சொன்ன மாதிரியே."

ராய்ஸ் தலையாட்டினான். ஒரு நொடி அவன் முகத்தில் ஏதோ மின்னியது, தான் போட்ட கணக்கு சரியாக இருந்த சந்தோஷம். அது உடனே அணைந்தது.

"அப்போ அன்னிக்கு நீ கூவுனது?"

"அவன் உயிரோட இருக்கான்னு நீ நம்பணும்னு."

"பறவைய சுட்டத விடு," என்றான் ராய்ஸ் கடைசியில். கத்தவில்லை. "ஆச யாரத்தான் விட்டுச்சு. அன்னிக்கு சாயங்காலமே சொல்லியிருந்தா ரெண்டு நாள் திட்டிட்டு, தாடிய அளந்து பாக்க ஓடி வந்திருப்பேன். ரெண்டு வாரத்துக்கு மேல பக்கத்துல உக்காந்து, நாளைக்குக் கூவுவான் மச்சான்னு சொன்னியே. நான் உன்ன சுட்டது தெரியாம. நீ தெரிஞ்சுல்ல சொன்ன."

தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்தான். கதவைத் தாண்டி வண்டிக்கு நடந்துபோனவனின் முதுகு நிமிர்ந்திருந்ததை ஜன்னல் வழியாக டெல்மர் பார்த்தான். அது போதும் என்று நினைத்துக்கொள்ள முயன்றான். போதவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வண்டி வந்தது. கன்றுக்குட்டிகள் கத்துவதை நிறுத்தின, வாளியில் தண்ணீர் விழுந்தது. டெல்மர் சமையலறையில் இரண்டு கோப்பை காபியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கதவு தட்டப்படவில்லை. வண்டி கிளம்பிப் போனது. அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கு அடுத்த நாளும். அவன் எழுந்து கதவைத் திறப்பதற்குள் வண்டி சாலைக்குப் போயிருக்கும்.

சனிக்கிழமை அவன் ராய்ஸுக்கு மூன்று தடவை போன் செய்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நாலாவது தடவை அழுத்தக் கை பரபரத்தது. போனைக் கவிழ்த்து வைத்தான்.

ஞாயிறு காலை வண்டிச் சத்தம் கேட்டதும் கன்றுகள் அடங்கின. வாளி வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. டெல்மர் கதவைப் பார்த்தபடி, மூச்சுக்கூடச் சத்தமாக விடாமல் காத்திருந்தான்.